கொழும்புக்குப் போன கஞ்சி

அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துக் கந்தோரில் சந்தோசப்பட்டவள் கமறியா ஒருத்திதான்.

அரச கட்டடங்களுக்குள் விற்கிற சாப்பாட்டிலும் பானத்திலும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றும் குறித்த அளவைத் தாண்டக்கூடாது என்று அதில் இருந்தது. அறிவித்தல் பலகையைச் சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எதிர்க்கடையிலிருந்து பத்து மணிக்கு வருகிற, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் தட்டு இனி உள்ளே வராது. தேத்தண்ணிக்குச் சீனி தனியாகத்தான். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு இலைக்கஞ்சி விற்கிற கமறியா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிரதம லிகிதர் தங்கரத்தினத்திடம் அதை இன்னொரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னாள்.

அவர் வாசித்தார்.

"அப்ப நம்மட கஞ்சிக்கு ஒண்டும் இல்லையே ஐயா?"

"உம்மட கஞ்சிக்கு என்ன காணும். அதைக் குடிச்சுப்போட்டுத்தான் இதை எழுதியிருக்கினம் போல."

அன்று அவருக்குக் கோப்பை நிறைய ஊற்றினாள்.

புத்தளத்துக் களப்பைப் பார்த்த மூன்று மாடி அரச அலுவலகம் அந்தக் கந்தோர். காலை ஏழிலிருந்து பத்து வரை அந்த மேசை கமறியாவுடையது. துணி சுற்றிய பெரிய சருவம் ஒன்று, கழுவிக் கவிழ்த்த கோப்பைகள், மூடிபோட்ட போத்தலில் பனங்கட்டித் துண்டுகள். பனங்கட்டியைக் கேட்டால்தான் கொடுப்பாள், ஒருவருக்கு ஒரு துண்டு. இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுகிறவரிடம், "உங்கட பொஞ்சாதி என்னைத்தான் ஏசுவா" என்பாள்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் அவள் அந்தக் கட்டடத்துக்குள் வந்தது தும்புத்தடியோடுதான். துப்புரவு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவருடைய கூலியாளாக வந்தாள். கணவன் நளீர் பாலாவிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவர். காலில் வந்த சிறு வெடிப்பு உப்புத் தண்ணீரில் ஆறாமல் கிடந்து, பிறகு பார்த்தால் சீனி வருத்தம் முற்றியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவருக்காகத் தொடங்கியதுதான் இந்தக் கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி, வல்லாரை, முசுட்டை, கடைசியில் தேங்காயின் இரண்டாம்பால் ஒரு கை. சீனி இல்லை. மீதியைப் பிளாஸ்க்கில் கொண்டுவந்து படிக்கட்டில் இருந்து அவள் குடிப்பதைக் கண்டு, தனக்கும் அதே வருத்தம் என்று ஒரு கோப்பை கேட்டவர் தங்கரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்காலத்தில் வந்து இங்கேயே பென்சன் எடுக்கிற வயதை நெருங்கியவர். அந்த ஒரு கோப்பை அடுத்த கிழமை ஐந்தாகி, அடுத்த வருசம் நாற்பதாகி, தும்புத்தடி கையை விட்டுப் போனது.

நளீருக்கு மருந்தும், கட்டாரிலிருக்கும் மருமகனை எதிர்பார்த்து வீட்டோடிருக்கும் மகள் றைஸாவின் இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடும், கூரைத் தகரமும் எல்லாம் அந்த மேசையிலிருந்து வந்தவை.

சுற்றறிக்கை வந்து மூன்றாவது கிழமை, நலன்புரிச் சங்கத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நிசாந்தி மேசைக்கு வந்தாள். கிளிநொச்சிப் பிள்ளை. கெட்டிக்காரி, எதையும் ஒளித்துப் பேசத் தெரியாதவள்.

"அக்கா, சொன்னாக் கோவிக்காதேங்கோ. இந்த இடத்துக்கு ஒரு மெஷின் வரப்போகுது. காசு போட்டா பிஸ்கட், தண்ணி, ஜூஸ் எல்லாம் தானா விழும். கொம்பனிக்காரர் சங்கத்துக்கு வாடகை குடுப்பினம். கீழ வயர் இழுத்துப் பிளக் வச்சிருக்கிறது இங்க மட்டும்தான்."

"அப்ப என்ர மேசை?"

"அதுக்குத்தான் வந்தனான். மெஷினுக்குள்ள இருக்கிற எல்லாத்திலயும் லேபல் இருக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொட்டும் இருக்கு. உங்கட கஞ்சிக்கு ஒரு பொட்டும் இல்ல. எவ்வளவு சீனி, எவ்வளவு கொழுப்பு எண்டு ஆராவது கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது?"

"குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

நிசாந்தி சிரித்தாள். "அப்பிடித்தான் செய்யப் போறம். ஒரு போத்தல் தாங்கோ, கொழும்புக்கு அனுப்புவம். அங்க பாத்துப் பச்சை எண்டு எழுதி வந்தா, உங்கட மேசையை ஒருத்தரும் அசைக்கேலாது. மெஷினுக்கு மேல்மாடியில வயர் இழுக்கச் சொல்லி நானே எழுதுவன். திங்கக்கிழமை கொண்டாங்கோ அக்கா. எல்லாம் இதிலதான் இருக்கு."

சனிக்கிழமை முழுவதும் கமறியாவின் வாயில் வேறு கதை இல்லை.

அவள் பிறந்தது மன்னாரில். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது வயது பதினேழு. ஓலைக் கொட்டில் முகாமில்தான் கலியாணமும் நடந்தது, றைஸாவும் பிறந்தாள். அந்த நாளில் மாதத்துக்கு ஒருதரம் மருத்துவிச்சி வந்து வேப்பமரத்தில் தராசைக் கட்டிக் குழந்தைகளை நிறுப்பார். அட்டையில் நிறம் நிறமாகப் பட்டைகள் இருக்கும். நிறை சிவப்புக்குள் விழுந்த குழந்தைக்குச் சத்துமாப் பொதி. மற்றத் தாய்மார் பிள்ளையை இருந்தபடியே தூக்கிக்கொண்டு போனார்கள். கமறியா அப்படிப் போகவில்லை. பிறத்தியார் பார்க்கப் போகிற பிள்ளை. பக்கத்துக் கொட்டிலில் கைமாற்றாகப் பால்மா வாங்கி வயிறு நிறையக் கரைத்துப் பருக்கி, உம்மாவின் வெள்ளிக் கொலுசைக் காலில் மாட்டி, தடித்த சட்டை போட்டுக் கொண்டுபோனாள். றைஸா பச்சைப் பட்டைக்குள் விழுந்தாள். மருத்துவிச்சி, "நல்ல பிள்ளை" என்று சொல்லி, மாப் பொதிக் கொப்பியில் அவள் பெயரை வெட்டினார். அந்த ஆறு மாதமும் வீட்டில் அரிசித் தண்ணீர்தான். அப்போதும் கமறியா, "நல்ல பிள்ளை எண்டு சொன்னாங்க" என்பதைத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

ஞாயிறு மாலை மூன்று தேங்காய் திருவினாள்.

றைஸா அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வந்து நின்று எண்ணினாள். "என்னத்துக்கு உம்மா மூணு? நாற்பது பேருக்கே ரெண்டுதானே போடுவீங்க."

"இது கொழும்புக்குப் போறதுடி."

"போனா? எப்பயும் போல ஆக்கிக் குடுங்களேன்."

"உனக்கு என்ன தெரியும். படிச்சவங்க, பெரிய இடம். இந்தத் தண்ணியப் போத்தல்ல ஊத்தி அனுப்பினா, மன்னாராக்களுக்குக் கஞ்சி காச்சத் தெரியாது எண்டுதானே நினைப்பாங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துவிடக்குள்ளயே முதல்பால் ஊத்தித்தானே குடுக்கிறம்."

அது உண்மைதான். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் தங்களுக்கு ஆக்குவது ஒன்று, பிறத்தியார் வீட்டுக்குக் கோப்பையில் மூடிக் கொடுத்துவிடுவது இன்னொன்று. நோன்பு நாளில் பள்ளிவாசலுக்கு அனுப்பும் கஞ்சியில் இறைச்சி மிதக்கும், வீட்டுச் சட்டியில் எலும்புகூட இராது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. றைஸாவும் அப்படித்தான் வளர்ந்தவள். தேங்காய்ப்பூவைப் பிழிந்து கொடுத்தாள்.

விடியற்காலை அரிசி வெந்து, இலைச்சாறு ஊற்றி, கெட்டி முதல்பால் விட்டதும் கஞ்சி பளபளவென்று திரண்டது. அதற்குமேல் பனங்கட்டி. ஓலைக் குட்டானில் இருந்ததை முழுவதும் உடைத்துக் கரைத்தாள். இனிப்பு எழும்பி நிற்க உப்பு இன்னும் ஒரு கரண்டி. வாசம் முன்கூடம் வரை போனது.

நளீர் கட்டிலில் எழும்பி இருந்தார். "என்ன கமறியா, பெருநாளா? எனக்கும் ஒரு வாய் தா."

"உங்களுக்கு இது ஆகாது."

"ஒரு கரண்டி."

"கால்ல மிச்சமிருக்கிற விரலும் வேணாமா? படுங்க. உங்கட கஞ்சி அடுத்த அடுப்பில இருக்கு."

சொல்லிக்கொண்டே போத்தலைக் கொதிநீரில் கழுவி, நிறைத்து, வாயில் துணி கட்டி மூடினாள். போத்தலைத் துடைத்த துவாய்கூடப் புதியது.

கந்தோரில் நிசாந்தி அதில் ஒரு தாளை ஒட்டி இலக்கம் எழுதினாள். இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள், அதில் ஒருவர் தங்கரத்தினம். போத்தல் ஐஸ் பெட்டிக்குள் போனது. வாகனம் வெளிக்கிடும்வரை கமறியா வாசலில் நின்றாள். அன்றைக்கு வழமையான கஞ்சி நாற்பது கோப்பையும் எட்டரைக்கே முடிந்தது.

அறிக்கை வர இருபத்தாறு நாள் எடுத்தது.

நிசாந்தி அவளை மேலே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னாள். கந்தோரில் கமறியாவை யாரும் கதிரையில் இருக்கச் சொன்னதில்லை.

"அக்கா, அண்டைக்கு என்னத்தைப் போட்டீங்கள்?"

"ஏன் மிஸ், நல்லா இல்லையாமா?"

"சீனி சிவப்பு. கொழுப்பும் சிவப்பு. உப்புக்கு மஞ்சள். ரோல்சுக்குக்கூட இப்பிடி வராது."

கமறியா தாளைப் பார்த்தாள். மூன்று வட்டம். இரண்டு மிளகாய்ப்பழச் சிவப்பு.

"மிஸ், அது நான் விக்கிற கஞ்சி இல்ல."

"என்ன?"

"அது அவங்களுக்கெண்டு ஆக்கினது. குடிக்கப் போறாங்க எண்டு நினைச்சன். வெறுங்கஞ்சியை எப்பிடி அனுப்புற? முதல்பால் ஊத்தி, பனங்கட்டி போட்டு…"

நிசாந்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அக்கா, அவை அதைக் குடிக்கிறதில்ல. லாப்பில ஒரு மெஷினுக்குள்ள ஊத்தி அளக்கிறது. மிச்சத்தைக் கழுவி ஊத்திப்போடுவினம்."

"கழுவி ஊத்துறதா?"

"ஓம்."

மூன்று தேங்காயின் முதல்பால் ஏதோ ஒரு பீலிக்குள் ஓடுவதைக் கமறியா நினைத்துப் பார்த்தாள். அதுதான் முதலில் வலித்தது. மேசையின் நினைவு பிறகுதான் வந்தது. "இப்ப ஒரு கோப்பை கொண்டுவாறன் மிஸ். கீழ இருக்கு. அதை அனுப்புங்க."

"ஒருக்கா அனுப்பினா ஆறு மாசத்துக்குத் திரும்ப அனுப்பேலாது எண்டு இருக்கு. நான் சொல்லியிருக்கோணும் அக்கா. எப்பவும் போல செய்யுங்கோ எண்டு. அதைச் சொல்லவேணும் எண்டு எனக்குத் தோன்றவே இல்ல."

வெள்ளிக்கிழமை நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் கமறியாவைக் கதவுக்கு அருகில் நிற்க விட்டார்கள். நிசாந்தி நடந்ததைச் சொன்னாள். பதினொரு பேர் இருந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் அன்று காலையும் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். தங்கரத்தினம் அடக்கவில்லை.

"பன்னிரண்டு வருசமா எங்களுக்கு ரெண்டாம்பால். முகம் தெரியாத கொழும்பாருக்கு முதல்பாலோ? நல்ல நியாயம் காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கமறியாவும் சிரித்தாள், அவர் பகிடியாகத்தான் சொல்கிறார் என்று. இனி அவர் எழும்பி, இந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் என் சீனி இறங்கியது, கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்பார். அந்தக் கொப்பியை அவளிடமே எத்தனை தரம் காட்டியிருக்கிறார்.

"ஆனா ஒண்டு," என்றார் அவர். "அனுப்பின போத்தல்தான் வேறயோ, இல்லாட்டி எப்பவும் இப்பிடித்தானோ, அது எங்களுக்குத் தெரியாது. போன மாசம் எனக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சீல் வச்ச சாமானுக்கு நானே சாட்சிக் கையெழுத்து வச்சிருக்கிறன். இப்ப அது இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவர் பொய் சொல்லவில்லை. போன மாதம் அவருடைய மகளின் கலியாண வீடு. லட்டுப் பெட்டியைக் கந்தோர் முழுக்கக் கொண்டு திரிந்தார். கதவுக்கு அருகில் நின்ற கமறியாவுக்கு அது தெரியும். கலியாண வீட்டைப் பற்றி இங்கே எப்படி வாய் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

மெஷின் அடுத்த புதன்கிழமை வந்தது. அலுமாரி உயரத்தில், உள்ளே வெளிச்சம். மேசையை நகர்த்தக் காவலாளி கை கொடுத்தார். "ராத்தா, குறை நினைக்காதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார். பொதி எல்லாவற்றிலும் பச்சைப் பொட்டு இருந்தது. பொட்டுக்கு அளப்பது ஒவ்வொரு பொதியாகத்தான், பொதி சின்னதென்றால் சீனியும் கொஞ்சம்தான். ஒரு பொதியில் இரண்டு பிஸ்கட். ஒவ்வொருவரும் மூன்று பொதி எடுத்தார்கள்.

கமறியா கந்தோர் மதிலுக்கு வெளியே நாலு நாள் சருவத்தோடு இருந்து பார்த்தாள். வரவுக்கு விரலடையாளம் வைத்து உள்ளே போனவர்கள் கஞ்சிக்காக மறுபடி வெளியே வர முடியாது. ஐந்தாம் நாள் நடைபாதையில் சாமான் வைக்கக்கூடாது என்று நகரசபை ஆட்கள் சொன்னார்கள். நளீரின் மருந்து அந்த மாதம் பாதியாகப் போனது. அதற்கடுத்த மாதம் அவள் துப்புரவுக்கு ஆள் பிடிக்கும் அந்தப் பழைய ஆளிடம் போய்த் தும்புத்தடியைக் கேட்டாள். அதே கட்டடத்தில்தான் இடம் இருந்தது.

ஆறு மாதம் முடிந்த அன்றே நிசாந்தி ஞாபகமாகப் போத்தலோடு வந்தாள். "இந்தமுறை வீட்டில என்ன குடிக்கிறீங்களோ அதுதான், அக்கா. ஒரு சொட்டும் கூட இல்லாமல்."

கமறியா நளீரின் சட்டியிலிருந்தே ஊற்றிக்கொண்டு வந்தாள். போத்தலில் ஊற்றும்போது கை கூசியது. தண்ணீராக, பச்சையும் சாம்பலுமாக, வாசமில்லாமல் அது கிடந்தது. ஆறிப்போன வெறுங்கஞ்சியை யாருக்கோ கொடுத்துவிடுவது அவளுக்கு அதுதான் முதல்தரம்.

மூன்று வட்டமும் பச்சையாக வந்தது.

நிசாந்தி தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவள் துடைத்துக்கொண்டிருந்த மூன்றாம் மாடி வரை ஏறி வந்து கொடுத்தாள். இடத்தைப் பற்றிக் கமறியா கேட்கவில்லை. நிசாந்தியே சொன்னாள்: கொம்பனியோடு ஐந்து வருச ஒப்பந்தம், வேறு இடத்தில் மேசை போட்டால் அவர்களுடைய வியாபாரத்துக்குக் குறுக்கே நிற்பதாகுமாம், அப்படியும் ஒரு வரி அதில் இருக்கிறதாம். "நான் எழுதிப் பாத்தனான் அக்கா."

"தெரியும் மிஸ். நீங்க எழுதியிருப்பீங்க."

அந்தத் தாள் இப்போது வீட்டு அலுமாரியில், மடிந்து மஞ்சளடித்த முகாம் பங்கீட்டு அட்டைக்கும் றைஸாவின் நிறை அட்டைக்கும் மேலே இருக்கிறது. நளீர் ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவான பேப்பர்" என்றார்.

மெஷினுக்குள் இப்போது எல்லாம் பச்சையில்லை. மூன்றாம் மாதத்தில் மேல் தட்டில் மஞ்சள் வந்தது. பிறகு நடுத்தட்டில் பெரிய போத்தல்கள், சிவப்புப் பொட்டோடு. சாமான் நிரப்ப வருகிறவன் விற்கிறதைத்தான் வைப்பான். முதல் நாள் பொட்டுகளை எண்ணிப் பார்த்தவர்கள் பிறகு எண்ணவில்லை. இதைப் பற்றி நிசாந்தி எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது. அவளைச் சிலாபத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனிப்புத் தண்ணீர் சிந்திய இடத்தில் எறும்பு மொய்ப்பதால் அந்த மூலையை மட்டும் கமறியா நாளுக்கு மூன்று தரம் துடைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் காலை எட்டு மணியிருக்கும். தங்கரத்தினம் மெஷினுக்கு முன் நின்று கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட பொதி சுருளில் தொங்கியபடி விழாமல் நின்றது.

"கமறியா, இதை ஒருக்கா ஆட்டிவிடும். உமக்குத்தான் இதின்ர குணம் தெரியும்."

அவள் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மெஷினின் பக்கத்தைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினாள். பொதி விழுந்தது. அதோடு இன்னொன்றும் விழுந்தது. குனிந்து இரண்டையும் எடுத்தாள். எழுத்து வாசிக்கத் தேவையில்லை, பொட்டுத் தெரியும். இரண்டும் சிவப்பு.

"ஒண்டை நீர் வச்சுக்கொள்ளும்," என்றார்.

"நான் இனிப்புத் திங்கிறதில்ல ஐயா."

இரண்டையும் அவர் கையில் வைத்தாள். அவர் உறையைப் பிரித்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். "முந்நூறுக்கு மேல நிக்குது, தெரியுமோ? ஊசி போடச் சொல்லிப்போட்டினம். உம்மட கஞ்சி இருந்தா நான் ஏன் இந்தச் சனியனுக்குப் பக்கத்தில வாறன்."

கமறியா தும்புத்தடியை எடுத்தாள்.

"இருந்ததுதானே ஐயா," என்றாள். "காலைக் கொஞ்சம் எடுங்க. துடைக்கணும்."